பத்தடிக்குள் ஒரு சிவப்பு மூடி

ஓட்டத்தில் கடைசியாக வருவது என்று டெத் சார் தீர்மானித்துவிட்டார். சாதாரணக் கடைசி போதாது. பந்தலைப் பிரித்து, நாற்காலிகளை வண்டியில் ஏற்றும்போது, "ஐயோ, இன்னும் ஒருத்தர் வரணும் சார்" என்று நாலு பேர் பதறுகிற மாதிரிக் கடைசி.

அந்தப் பெயர் அவருக்கு அலுவலகம் வைத்தது. நகராட்சியில் அடுத்தடுத்து இரண்டு கவுண்டர். ஒன்றில் பிறப்பைப் பதிவார்கள், மற்றொன்றில் இறப்பை. பிறப்புக் கவுண்டரில் உட்கார்ந்திருந்த பர்த் மேடத்திடம் ஜனங்கள் மிட்டாயோடு வந்தார்கள். இவரிடம் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தார்கள். இருபத்தேழு வருஷம் இப்படியே போனால் எந்த மனுஷனுக்குத்தான் முகம் தொங்காது?

வயது என்ற கட்டத்தை நிரப்பும்போதெல்லாம் அவருக்குக் கை ஒரு நிமிஷம் நிற்கும். ஐம்பத்திரண்டு என்று எழுத வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிப்பார். அவர் அப்பா செத்தது ஐம்பத்திரண்டு வருஷம் மூன்று மாதத்தில். இவருக்கு இப்போது ஐம்பத்தோரு வருஷம் பதினோரு மாதம். மிச்சம் நாலு மாதம்தான் என்பதில் அவருக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை. 'என் காலத்துக்குப் பின்' என்று தலைப்பிட்டு ஒரு ஃபைலே தயார் பண்ணி, பீரோவில் வைத்திருந்தார்.

"மாமா செத்தது லாரி இடிச்சு. அது எப்படிங்க பரம்பரை வியாதியாகும்?" என்பாள் மனைவி.

"லாரி வர்றது தெரியாம நடு ரோட்டுல ஏன் நின்னார்? அதைச் சொல்லு."

"காது கேக்கலை. நின்னார்."

"ஹார்ட் முதல்ல நின்னிருக்கு. அதனாலதான் ஆள் நின்னார். அப்புறம்தான் லாரி."

"அப்ப லாரிக்காரன் பாவம், செத்தவரை இடிச்சிருக்கான்."

"நீ சிரி. எங்க அப்பாவுக்கு என்ன நடந்ததுன்னு எனக்குத் தெரியும்."

தெரியாது. அதுதான் அவர் துக்கம். அப்பா அன்றைக்கு ஏன் ஓடவில்லை என்பது முப்பது வருஷமாக அவருக்குப் புரியவில்லை. புரியாததற்கெல்லாம் இருதயம் என்று பெயர் வைத்துக்கொண்டார். அன்று முதல் பஸ் ஏறுவதையும் விட்டுவிட்டார். வண்டிகளை நம்பாமல், அலுவலகத்துக்குப் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், சுவரை ஒட்டி நடப்பார்.

அறிகுறியும் இருந்தது. ஒன்றரை வருஷமாக அவருக்கு நெஞ்சில், இடப்பக்கமாக, ஜில்லென்று ஒரு உணர்ச்சி. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் அதிகம். டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, "வாயு" என்றார். இவர் விடவில்லை. கெஞ்சி, அழுது, ஆபத்துக்கு நாக்கின் அடியில் வைத்துக்கொள்கிற மாத்திரை நாலு வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தார்.

அதற்காக மனைவி ஒரு குட்டி டப்பா கொடுத்தாள். சிவப்பு மூடி. அது எப்போதும் அவரிடமிருந்து பத்தடிக்குள் இருக்க வேண்டும் என்பது சட்டம். தூங்கும்போது தலையணையடியில். குளிக்கும்போது சோப்புப் பக்கத்தில். கவுண்டரில் மைக்கூட்டுப் பக்கத்தில். வெளியே போனால் மனைவியின் தோள்பையில். ஒருநாளும் அதைத் திறந்ததில்லை. எடுத்துக் காதருகே ஆட்டுவார். உள்ளே கலகலவென்று சத்தம் கேட்கும். உயிர் வரும்.

இந்த ஜில்லுக்கு அந்த வீட்டில் இன்னொருவர் விலை கொடுத்துக்கொண்டிருந்தார். மனைவிக்குத் தையல் வேலை. அவர்கள் குடியிருந்தது ஐந்து மாடிக் கட்டடத்தின் கீழ்வீடு. மூன்று பக்கமும் சுவர். நாலாவது பக்கம் அடுத்த கட்டடத்தின் சுவர். பகல் பன்னிரண்டு மணிக்கும் விளக்குப் போட்டால்தான் கையும் துணியும் தெரியும். சுவரில் ஈரம் ஏறி, போன மழைக்குப் பூத்த பூஞ்சை இந்த மழைக்குப் பேரன் பேத்தி எடுத்திருந்தது. ஊசி கோக்க அவள் குளியலறைச் சன்னலுக்குத்தான் போவாள். சன்னல் என்பது மரியாதைக்கு. ஒரு உள்ளங்கை அளவு ஓட்டை. அங்கே நின்று, நூல் நுனியை நாக்கில் நனைத்து, பத்துத் தடவை குத்திப் பார்ப்பாள். பிறர் துணியெல்லாம் அவள் கையில் மணக்கும். வீட்டுக்காரர் சட்டை நான்கிலும் இரண்டாவது பட்டன் இல்லை. தினம் நூறு தடவை அந்த இடத்தில் கையை விட்டு இருதயம் ஓடுகிறதா என்று தடவிப் பார்த்தால் எந்தப் பட்டன்தான் தாங்கும்?

"ஒரு பட்டன் தச்சுக் கொடேன்" என்பார்.

"வெளிச்சம் கொடுங்க. தச்சுத் தர்றேன்" என்பாள்.

அப்போதுதான் நாலாவது மாடி வீடு காலியாயிற்று. கிழக்கே மூன்று சன்னல், வடக்கே ஒன்று. வாடகையில் வித்தியாசமில்லை. லிஃப்ட் கிடையாது, அதனால் யாரும் வரவில்லை. மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்து, அன்று முழுவதும் சொந்த வீட்டிலேயே விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"எண்பத்தெட்டுப் படி" என்றார் டெத் சார். "நான் எண்ணிட்டேன்."

"ஏறிப் பார்த்தீங்களா?"

"கீழே நின்னு எண்ணினேன். என்னை மேலே ஏத்தறது சுலபம். அப்புறம் நாலு பேர் சேர்ந்து கீழே இறக்கணும். திருப்பம் வேற குறுகல்."

அவள் சண்டை போடவில்லை. அதுதான் அவர் கவனித்திருக்க வேண்டிய விஷயம். கல்யாணமான இருபத்துநாலு வருஷத்தில் அவள் சண்டை போடாத சமயமெல்லாம் அவர் தோற்ற சமயம். ஆனால் தன் சாவை மட்டுமே கவனிக்கிறவனுக்கு மற்றது எங்கே தெரியும்?

நாலு மாதமாகக் காலையில் பால் வாங்கப் போகிறவள் முக்கால் மணி கழித்து வேர்த்து விறுவிறுத்து வருவதைக்கூட அவர் பார்க்கவில்லை. ஒரே ஒரு நாள், "ஏன் இவ்வளவு நேரம்?" என்றார்.

"பூத்துல ஒரே கூட்டம்" என்றாள். விஷயம் முடிந்தது.

இந்த நிலையில்தான், ஆறு மாதமாகப் பேச்சாக மட்டும் இருந்த விஷயத்துக்கு அலுவலகச் சுற்றறிக்கை வந்தது. ஊழியர் நலனுக்காக ஐந்து கிலோமீட்டர் சாலை ஓட்டம். ஊழியர் அனைவரும் கட்டாயம். குடும்பத்தாரும் கலந்துகொள்ளலாம். ஓடி முடித்தவர்களுக்கு நேரம் குறித்த சான்றிதழ்.

"ஒரு பந்தயம் வச்சுக்கலாமா?" என்றாள் மனைவி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நாற்பது நிமிஷத்துக்குள்ள நீங்க ஓடி முடிச்சா, மாடிக்குப் போறோம். முடியலைன்னா செத்தாலும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்."

"செத்தாலும்ங்கிற வார்த்தை வேண்டாமே."

"சரி, இருந்தாலும் எடுக்க மாட்டேன்."

டெத் சாருக்குத் தன் காதை நம்ப முடியவில்லை. குதிரையைத் தண்ணீர்வரைக்கும் இழுத்துப் போகலாம், குடிக்க வைக்க முடியுமா? வேகமாக ஓடு என்று யார் அவரைக் கட்டாயப்படுத்த முடியும்? பாவம், வெளிச்சமில்லாமல் இருந்து இருந்து அவளுக்கு மூளையும் மங்கிவிட்டது என்று நினைத்தார். கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

ஆனாலும் அவர் பதிவு எழுத்தர். வாய்ச்சொல் செல்லாது. ஒரு தடவை ஓர் ஆள் நேரிலேயே வந்து, "ஐயா, நான் சாகலை, தப்பா எழுதியிருக்கீங்க" என்று கவுண்டரில் தலையை விட்டபோது, "அதுக்குச் சான்றிதழ் இருக்கா?" என்று கேட்டவர் இவர். எனவே ஒப்பந்தத்தை மூன்று பிரதி எழுதினார். கடைசி வரியை அடிக்கோடிட்டார்: 'சான்றிதழில் கண்டுள்ள நேரமே இறுதியானது. உடல்நிலை உள்ளிட்ட எந்த வாய்மொழி விளக்கமும் ஏற்கப்படாது.' அவருக்கு இளைப்பாக இருந்தது, கால் பிசகியது என்று பிற்பாடு அவள் அவர் சார்பாகவே ஏதாவது சாக்குச் சொல்லி மறு ஓட்டம் கேட்டுவிடக் கூடாதே என்று போட்ட வரி அது. எதிர்வீட்டுக் கண்டக்டர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

"சார், நீங்களே குழி வெட்டற மாதிரி இருக்கே" என்றார் கண்டக்டர்.

"அதுக்குத்தானே இருபத்தேழு வருஷமா ரசீது கொடுத்துட்டு இருக்கேன்" என்றார் இவர்.

ஞாயிற்றுக்கிழமை வானம் அழுக்குத் துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. ஓட்டப் பாதையை முந்தின நாளே விசாரித்து வைத்திருந்தார். இரண்டு மருத்துவமனை, நாலு மருந்துக் கடை, ஒரு கல்லறைச் சுவர். எல்லாருக்கும் பின்னால் ஆம்புலன்ஸ் ஊர்ந்து வரும். கடைசியாகப் போவதில் அதுவும் ஒரு லாபம்.

மனைவி பழைய கேன்வாஸ் ஷூ போட்டிருந்தாள். தோளில் குறுக்காக ஒரு பை. ஓரத்து வலைப் பையில் சிவப்பு மூடி பளிச்சென்று தெரிந்தது.

"டப்பாவை நானே வச்சுக்கறேனே?"

"இந்த டிரௌசர்ல பாக்கெட் எங்கே இருக்கு?" அது அவள் தைத்த டிரௌசர். "கையில பிடிச்சா வேர்வையில வழுக்கி விழும். சாக்கடை வேற பக்கத்துலயே. நான் கூடவேதானே வரப்போறேன்."

"ஷூ குதிகால் இவ்வளவு தேஞ்சிருக்கே, யார் கொடுத்தது?"

"அந்தக் காலத்து ஷூ. வாங்க, விசில் ஊதறாங்க."

விசில் ஊதினார்கள். முந்நூறு பேர் ஓடினார்கள். டெத் சார் ஊர்வலத்தில் போகிறவர் போல நடந்தார். பக்கத்தில் மனைவியும் நடந்தாள். பின்னால் ஆம்புலன்ஸ் உறுமியது. அவருக்கு முன்னால் வயிற்றைத் தள்ளிக்கொண்டு சூப்பிரண்டு மட்டும் போய்க்கொண்டிருந்தார். எல்லாம் திட்டப்படி நடந்தது.

அரைக் கிலோமீட்டர் தாண்டியதும் சூப்பிரண்டு நின்றார். இடுப்பில் கை வைத்தார். பிறகு நிதானமாகத் திரும்பி வந்து, ஆம்புலன்ஸ் கதவைத் திறந்து, ஏறிப் படுத்துக்கொண்டார். சூப்பிரண்டு ஏறிய வண்டி சும்மா நிற்குமா? வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

டெத் சார் வெறிச்சோடிய சாலையைப் பார்த்தார். இனி உலகத்தில் அவருக்கு இருந்த ஒரே துணை அந்தச் சிவப்பு மூடி. திரும்பினார். அது பத்தடிக்கு அப்பால் இருந்தது.

"ஏய், மெதுவாப் போ!"

"மெதுவாத்தான் போறேன்."

"பதினஞ்சு அடி ஆயிடுச்சு!"

"நீங்க நின்னுட்டீங்க. ரோடு போகுது."

இருபதடி. நெஞ்சில் டப்பென்று ஒன்று அடித்தது. டெத் சார் நடையை எட்டிப் போட்டார். அவளும் எட்டிப் போட்டாள். இவர் லேசாக ஓடினார். அவள் இன்னும் லேசாக ஓடினாள். டப்பாவை மட்டும் வாங்கிவிட்டால் போதும். அப்புறம் நடைபாதையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கழிக்கலாம். மிஞ்சிப் போனால் இருபது எட்டு.

அந்த இருபது எட்டு முடியவே இல்லை. கை நீட்டும் தூரத்துக்கு வருவார். கலகலவென்று டப்பா சிரிக்கும். விரல் நுனி பையின் வாரைத் தொடும். அவள் நாலு எட்டு முன்னால் இருப்பாள்.

"டப்பாவைக் கொடுடி!"

"வந்து வாங்கிக்கங்க!"

"நில்லு!"

"நின்னா தசை பிடிச்சுக்கும்னு பேப்பர்ல போட்டிருந்தான்!"

"நான் சாகப் போறேன்!"

"அதுக்கு இன்னும் நாலு மாசம் இருக்குன்னு சொன்னீங்களே!"

முன்னால் போன கூட்டத்தை அவர்கள் எட்டிப் பிடித்தார்கள். குடிநீர்ப் பிரிவைத் தாண்டினார்கள். தெருவிளக்குப் பிரிவைத் தாண்டினார்கள். வேர்வையில் தொப்பலாக நனைந்து போய்க்கொண்டிருந்த பர்த் மேடம் திரும்பிப் பார்த்து, "ஐயையோ, பின்னால டெத் வருது!" என்று கத்தினாள். அதுவரை நடந்துகொண்டிருந்த பதினாறு பேர் காரணம் புரியாமல் ஓட ஆரம்பித்தார்கள். அவர்களையும் தாண்டினார். மருந்துக் கடை ஒன்று, இரண்டு, மூன்று. எங்கேயாவது நின்று மாத்திரை வாங்கலாம் என்று தோன்றவில்லை. அவ்வளவு தூரம் புத்தி வேலை செய்தால் அவர் ஏன் ஓடுகிறார்?

கல்லறைச் சுவர் வந்தது. இருபத்தேழு வருஷமாக அவர் அனுப்பி வைத்தவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் இருந்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு ஓடினார். அப்பாவின் ஞாபகம் வந்தது. நடு ரோட்டில் கையில் குடையோடு நின்ற அப்பா. ஓடியிருந்தால் தப்பித்திருப்பார். இருதயம் இல்லை, ஒன்றுமில்லை. அப்பாவுக்கு உண்மையிலேயே காது கேட்கவில்லை. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அது அவருக்குப் புரிந்தது. ஓடிக்கொண்டே அழுதார். வேர்வையோடு வேர்வையாக அது யாருக்கும் தெரியவில்லை.

எதிரே ஒரு கயிறு தெரிந்தது. கை தட்டல் கேட்டது. அவள் வேகத்தைக் குறைத்தாள். இதுதான் சமயம் என்று பாய்ந்து, பையோடு டப்பாவைப் பிடித்துவிட்டார். பிடித்த பிறகு குனிந்து பார்த்தார். கோட்டைத் தாண்டி இரண்டடி வந்திருந்தார்.

"முப்பத்துமூணு நிமிஷம், நாற்பத்தோரு விநாடி!" என்றது ஒலிபெருக்கி. "ஐம்பது வயதுக்கு மேற்பட்டோரில் மூன்றாம் இடம், இறப்புப் பிரிவு!"

டெத் சார் தரையில் உட்கார்ந்தார். சிவப்பு மூடியைத் திறந்தார். நாக்கைத் தூக்கித் தயாராக வைத்துக்கொண்டார். உள்ளே நாலு வெள்ளைப் பட்டன் இருந்தன.

"மாத்திரை எங்கே?" என்றார், நாக்கைத் தூக்கியபடியே.

"அது போன வருஷமே காலாவதி ஆயிடுச்சு. தூக்கிப் போட்டேன். சத்தம் கேக்கலைன்னா நீங்க பயப்படுவீங்களேன்னு உங்க சட்டைப் பட்டனையே போட்டு வச்சேன்."

ஒரு வருஷமாகத் தன் உயிரை நாலு பட்டன் காப்பாற்றி வந்திருக்கிறது என்பதை ஜீரணிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதற்குள் ஒருவர் வந்து கழுத்தில் பதக்கத்தை மாட்டிவிட்டு, கையில் சான்றிதழைத் திணித்தார். முத்திரை, கையெழுத்து, நேரம், எல்லாம் சரியாக இருந்தது. ஒரு குறையும் சொல்ல முடியாத சான்றிதழ்.

"நான் வேணும்னு ஓடலை" என்றார்.

"வாய்மொழி விளக்கம் ஏற்கப்படாது" என்றாள் மனைவி.

வீட்டுக்கு வந்தபோது கண்டக்டர் இரண்டு ஆளை வைத்துச் சாமான்களில் பாதியை ஏற்றி முடித்திருந்தார். சாவியை அவரிடம் விடிவதற்கு முன்பே கொடுத்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறாள். டெத் சாரின் சாய்வு நாற்காலி மேலே போய்விட்டது. உட்கார வேண்டுமானால் எண்பத்தெட்டுப் படி. ஏறினார். ஒவ்வொரு படியிலும் சாவை எதிர்பார்த்தார். அது வரவில்லை. திருப்பம் அப்படி ஒன்றும் குறுகலாகவும் இல்லை.

மேலே மேகம் விலகியிருந்தது. கிழக்குச் சன்னலடியில் தையல் மெஷின். அவள் நின்றவாக்கில் நூலை எடுத்தாள், ஊசியை எடுத்தாள், ஒரே குத்து. நூல் உள்ளே போய்விட்டது. அவள் அதை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. தன் சாவை நினைத்து நினைத்து, இவளை இத்தனை வருஷம் இருட்டில் வைத்திருந்தோமே என்று தோன்றியது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். பழக்கதோஷம், வேறு வந்தது.

"இருந்தாலும் மார்ல அந்த ஜில்லு..."

"இப்படித் திரும்புங்க."

மாற்றிப் போட்டிருந்த சட்டையில், ஆளை உள்ளே வைத்துக்கொண்டே, இரண்டாவது பட்டனைத் தைத்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"இப்ப?"

டெத் சார் கண்ணை மூடி உள்ளே தேடினார். இடப்பக்கம், வலப்பக்கம். ஒன்றரை வருஷமாக வளர்த்த நோய், போன இடம் தெரியவில்லை.

"ஒண்ணும் இல்லை" என்றார். யாரோ செத்துவிட்டதைச் சொல்கிற குரலில்.

"அப்ப போய்ப் பால் வாங்கிட்டு வாங்க. காபி போடறேன்."

"பூத்துல கூட்டமா இருக்குமே?"

"போய்த்தான் பாருங்களேன்."

போய்ப் பார்த்தார். பூத்தில் ஈ, காக்கை இல்லை. பக்கத்து மைதானத்தில் ஒரு வட்டம் மட்டும் புல் தேய்ந்து தடமாகிக் கிடந்தது.

"பதக்கம் வாங்கிட்டீங்களாமே சார்!" என்றார் பால்காரர். "அக்கா நாலு மாசமா இந்த மைதானத்தைப் பன்னிரண்டு சுத்துச் சுத்திட்டுத்தான் பால் வாங்குவாங்க. கேட்டா, 'வீட்டுக்காரரை ஓட வைக்கணும், அதுக்கு முதல்ல நான் ஓடப் பழகணும்'பாங்க. அது போகட்டும், அடுத்த மாசம் பத்து கிலோமீட்டருக்கும் உங்க பேரைக் கொடுத்திருக்காங்களாமே?"

டெத் சாரின் கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. பட்டன் கெட்டியாக இருந்தது.